மஹதியின் சரக்கு

மஹதிக்கு அந்த வருஷம் வேலை கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் ஓர் எண்ணைப் பொறுத்திருந்தது. வீட்டிலிருந்தபடியே பேகம்பேட் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றுக்குக் கையேடுகள் எழுதித் தருவதாகப் பேச்சு. விற்பனை வரிப் பதிவு எண் இல்லாமல் ஒப்பந்தம் போட முடியாது என்று அங்கே கணக்குப் பார்க்கும் கணேஷ்குமார் சொல்லிவிட்டார். எதற்கு என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்த மஹதி பேசாமல் விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

வியாபாரம் நடக்கும் இடத்தைப் பார்க்க விற்பனை வரி இன்ஸ்பெக்டர் மாரெட்பள்ளியிலிருந்த அவள் வீட்டுக்கே வந்தார். தெலுங்குக்காரர், சென்னையில் கொஞ்ச காலம் இருந்தவர். தமிழ்க் குடும்பம் என்று தெரிந்ததும் உற்சாகம் தாங்கவில்லை. உட்கார்ந்ததுமே மஹதியின் அப்பா பத்ரிநாராயணனிடம், "சரக்கு எங்க வெச்சிருக்கீங்க சார்?" என்றார்.

காபியைத் தவிர எதையும் தொட்டறியாத பத்ரிநாராயணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இந்தாத்துல அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது."

"கொஞ்சம்கூட இல்லையா? சாம்பிள் காட்டினா போதும்."

"காபி தரச் சொல்றேன்."

"காபி எதுக்கு சார்? சரக்கு இல்லாம ரெஜிஸ்ட்ரேஷன் தர முடியாது."

ஓர் அரசாங்க அதிகாரி பட்டப்பகலில் இப்படி வாய்விட்டுக் கேட்பார் என்று பத்ரிநாராயணன் நினைத்ததே இல்லை. வாசலைக் காட்டக் கையைத் தூக்கிவிட்டார். திரைக்குப் பின்னால் நின்ற மஹதி, எண் கைநழுவிப் போகிறதே என்று வெளியே வந்தாள்.

"அப்பா, அவர் கேக்கறது சாமான். கடையில விப்பாளே, அது."

அப்பாவின் கை மெதுவாக இறங்கியது. இன்ஸ்பெக்டர் அவள் அறையைப் பார்த்தார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. சந்தேகத்துக்குக் கட்டிலுக்கடியிலும் குனிந்து பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்கினார்: விற்பனை வரி பொருளுக்குத்தான். எழுதித் தருவது சேவை; அதற்கு வரி வேறு, ஆபீஸும் வேறு. அதுவும் வருஷத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டினால்தான். தாண்டுமா என்று அவர் கேட்டதற்கு மஹதி சிரித்துவிட்டாள்.

ஆக, எண் கிடையாது. கணேஷ்குமாருக்குப் போன் செய்தாக வேண்டும். வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டுதான் எண்களை அழுத்தினாள். அவர் குரல் கேட்டதும் அத்தனையும் மறந்துபோயிற்று.

"சார், அந்த நம்பர் எனக்குத் தர மாட்டாளாம். என்கிட்ட சரக்கு இல்லையாம்."

"யாருங்க சொன்னது? நீங்க எழுதின சாம்பிளைப் படிச்சுட்டு நல்ல சரக்கு இருக்குன்னு எங்க மேனேஜரே சொன்னாரே."

அவள் திணறித் திணறி விஷயத்தைச் சொல்லி முடித்தாள். அப்படியானால் அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும், ஒப்பந்தம் தயார் என்றார் கணேஷ்குமார்.

போனை வைத்துவிட்டு, சரக்கு இல்லை என்று எழுதித் தர வேண்டுமாம் என்று அப்பாவிடம் சொன்னாள்.

"இங்கிலீஷ்லயே எழுதிடு," என்றார் பத்ரிநாராயணன்.