ஏழாவது அத்தியாயத்தில் ஒரு வரி கூடுதல்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது நான் யோசித்த கதை இல்லை. ஜெராக்ஸ் கடையில் காத்திருந்தபோது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்டது என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில் நாவலாசிரியை…”

மழையெல்லாம் இல்லை. சும்மா அழகுக்குச் சேர்த்தது. அடித்துவிட்டேன். எனக்கும் இது ஐந்தாவது பிரதி, கை ஓய்ந்துபோகிறது.

2

அந்த நாவலாசிரியை மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். பகலெல்லாம் நின்று கால் வீங்கியபின் உட்கார்ந்து நாவல் எழுதினாள். [கால் வீக்கம் என் யூகம்.] எழுதியது ஒரு வருடம், திருத்துவது மூன்று வருடமாக. திருத்துவதென்றாலே அவளுக்கு வேப்பங்காய். தட்டச்சு செய்து கொடுப்பவள் அந்த ஜெராக்ஸ் கடையை நடத்தும் அவளுடைய அண்ணி.

ஏழாவது அத்தியாயம் அண்ணியைப் பற்றியது. புருஷனை விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து நின்ற நாத்தனாருக்கு அண்ணி கதவைத் திறக்கவில்லை. நிஜத்தில் நடந்ததும் அதுதான்; அந்த நாத்தனார் இவளேதான்.

[அதை அண்ணியிடமே அடிக்கக் கொடுப்பாளா என்று கேட்பீர்கள். வேறு ஆளிடம் கொடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும். அண்ணிக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே!]

அன்று மாலை பிரதியைப் பதிப்பகத்தில் ஒப்படைத்தாக வேண்டும்.

3

“அண்ணி, ‘கதவுக்கு உள்பக்கம் அவள் நின்றுகொண்டே இருந்தாள்.’ இந்த வரி நான் எழுதலையே?”

“நான்தான் சேர்த்தேன்.”

“என் நாவல்ல நீங்க எப்படிக் கை வைக்கலாம்?”

“மூணு தடவை அடிச்சுக் குடுத்துட்டேன். மூணு தடவையும் கதவைத் திறக்காம காணாமப் போயிடறேன். எங்கதாண்டி போனேன் நான்?”

“நல்லவளா ஆகப் பாக்கறீங்க.”

“திறந்தேன்னா போட்டேன்? திறக்கலைன்னுதான் இருக்கு. ஆனா நின்னேன். அதையும் போடு.”

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர், “அம்மா, சண்டையை நாலு காப்பி எடுக்கறதுக்குள்ள என் விண்ணப்பத்தை எடுத்துடுங்க” என்றார்.

4

இந்த இடத்தில் அவள் விம்மி விம்மி…

இல்லை, அழவில்லை. அலுப்போடு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எவ்வளவு நேரம் நின்னீங்க?”

“உன் செருப்புச் சத்தம் தேயற வரைக்கும்.”

“அண்ணன்?”

“சாப்பிட்டுக்கிட்டிருந்தார். திறந்தா நீயும் அவளோடயே போயிடுன்னார். பயந்துட்டேன்.”

அவள் பேனாவை எடுத்தாள். எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள்.

“இதைக் கேளுங்க அண்ணி.”

“ம்ஹூம். நான் அவ்வளவு நல்லவ இல்லடி, கொஞ்சம் குறைச்சு எழுது.”

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அப்போது பதிப்பகத்திலிருந்து போன் வந்தது.

“ஒரு வாரம் குடுங்க சார். இப்பதான் நல்லா வருது.”

மூன்று வருடத்தில் முதல்முறையாக அவளே கேட்டு வாங்கிய திருத்தம் அது.

5

முடிவு ஒன்று: நாவலில் கதவு திறக்கிறது. பொய். அண்ணியே அடித்துத் தரமாட்டாள்.

முடிவு இரண்டு: அண்ணியின் வரியை நீக்கிவிடுகிறாள். எனக்கு மனசு வரவில்லை.

முடிவு மூன்று எனக்குத் தெரியாது. அண்ணி என் நகலைக் கையில் திணித்துவிட்டாள், பின்னால் நின்றவர் முன்னால் வந்துவிட்டார். படியிறங்கும்போது அவள் கேட்டது மட்டும் காதில் விழுந்தது:

“நான் திரும்பி வந்து இன்னொரு தடவை தட்டியிருந்தா, அண்ணி?”

பதிலை நாலு விதமாக எழுதி நாலையும் அடித்துவிட்டேன். கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள். முதல் தடவையே சரியாக வரவேண்டும் என்றில்லை.