ஏரிக்கடியில் வெள்ளிக்கிழமை

கனடாவின் ஸ்காபரோவில் தூண்டிலோடு ஏரிக்குள் விழுந்த குணநாயகம், நேரே அயர்லாந்துத் தேவதைகளின் கிராமத்தில் போய் இறங்கினார். அங்கே ஒரு வாய் சாப்பிட்டவன் வீடு திரும்ப முடியாது. அது அவருக்கும் தெரியும்.

தேவதைகளின் ராணி, பொரித்த மீனை நீட்டினாள்.

"இண்டைக்கு வெள்ளி, பிள்ளை. மச்சம் தொடமாட்டன்."

ரொட்டி வந்தது.

"மீன் பொரிச்ச சட்டியிலயோ சுட்டனீங்கள்?"

சட்டியைக் கழுவினார்கள். கரண்டியைப் பற்றி விசாரித்தார். கரண்டியை மாற்றினார்கள். அடுப்பைக் காட்டச் சொன்னார்.

ராணி அழுதுவிட்டாள். "உந்த மனிசனை மேல எறியுங்கோ!"

நனைந்து வந்தவருக்கு மனைவி பேபி, மீன்குழம்பு ஊற்றினாள். முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"இண்டைக்குப் புதனெல்லோ?"

"அது மேல," என்றார், முள்ளை உறிஞ்சியபடி.