எஃகு என்று பெயர்

பிலிப்பா அப்பாவின் காந்தத்தைச் சவப்பெட்டியின் பெயர்த்தகட்டின் மேல் வைத்து விரலை எடுத்தாள். அது வழுக்கிக்கொண்டு போய்க் கம்பளத்தில் விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் விழுந்தது.

"எஃகுத் தகடுன்னு போட்டிருக்கீங்களே?" என்றாள்.

ட்ரெவின் தொண்டையைச் செருமிக்கொண்டார். இருபது வருஷமாக வையாலாவில் ஆட்களை அடக்கம் செய்கிறவர். அழுகிறவர்களைச் சமாளிப்பார், பெட்டி முன்னால் சண்டை போடும் அண்ணன் தம்பிகளையும் சமாளிப்பார். காந்தத்தோடு வந்து நிற்கிறவர்களை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"அது வெறும் பேரும்மா. அந்தச் சாம்பல் நிறத்தைத்தான் எஃகுன்னு சொல்றது. உள்ள பிளாஸ்டிக். இதையெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க."

"ஓக் மரப் பெட்டி?"

"ஓக் மாதிரி. அட்டைப்பலகை மேல படம் ஒட்டினது."

கூட வந்திருந்த ஸ்வோன்கோ பெட்டியை விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஊர் எஃகு ஆலையில் பிலிப்பாவின் அப்பா மெர்வினோடு முப்பத்தோரு வருஷம் ஒரே கொட்டகையில் வேலை பார்த்தவர். "மெர்வின் இதுல படுக்க மாட்டான் பிள்ளே. எழுந்து வந்து புகார் எழுதிக் குடுத்துட்டுத்தான் மறு வேலை பாப்பான்" என்றார்.

பிலிப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. 'அது வெறும் பேர், இதையெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க.' இதே வாக்கியத்தை ஆறு வருஷமாக அப்பாவிடம் அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியாகச் சொன்னது நேற்று மத்தியானம்.

மெர்வினுக்கு ஆலையில் தகடு சரிபார்க்கிற வேலை. தகட்டில் குத்திய முத்திரை ஒன்று, இரும்பு இன்னொன்று என்றால் கையெழுத்துப் போடமாட்டார். ஒருமுறை கப்பலில் ஏற்ற இருந்த அடுக்கு முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார். மேற்பார்வையாளர் பதவி வரும் வரும் என்றார்கள், கடைசிவரை வரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு மகள் வேலை பார்க்கிற கணினி விளையாட்டை, மகள் வேலை பார்க்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காக, இரண்டு விரலால் தட்டித்தட்டி ஆட ஆரம்பித்தார்.

அடிலெய்டில் ஒரு சின்னக் கம்பெனி. அவர்கள் விளையாட்டில் வாள், கேடயம், மந்திரக்கோல், பூதம் எல்லாம் உண்டு. பொருள்களின் பட்டியலைப் பார்த்துக்கொள்வது பிலிப்பாவின் வேலை. சேர்ந்த மூன்றாவது நாள், மூலப்பொருள்களின் பட்டியலில் வெண்கலத்தைக் காணோமே என்று எலும்புக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு வரி சொருகினாள். கடைசியில் சேர்த்திருக்க வேண்டும். கணினிக்குப் பெயர் தெரியாது, எத்தனையாவது வரி என்றுதான் தெரியும். அன்றிலிருந்து இரும்பு வாளை உலையில் போட்டால் வெண்கலம் வந்தது. எஃகுக் கவசம் இரும்பாக உருகியது. வெள்ளிக் கிரீடம் எஃகானது. அதற்கு அப்புறம் சேர்த்த பொருள்கள் மட்டும் ஒழுங்காக இருந்தன, அதனால் கூத்து இன்னும் கூடியது.

அவள் கண்டுபிடித்தபோது நாலு மாதம் ஆகியிருந்தது. வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. பயந்துபோய், கதை எழுதுகிறவனிடம் சொல்லி உலைக்கு ஒரு சாபம் போடச் சொன்னாள். கொல்லன் பாத்திரம் ஒன்று, 'இந்த உலை சபிக்கப்பட்டது' என்று பெருமூச்சு விட்டது. ஆடுகிறவர்கள் நம்பினார்கள். மெர்வின் நம்பவில்லை.

"சாபத்தால எஃகு இரும்பாகுமா பிப்? நான் முப்பத்தோரு வருஷம் உலை பக்கத்துல நின்னவன்டி."

"வேணும்னே அப்படி வச்சதுப்பா. விளையாட்டுதானே."

நேற்று ஆஸ்பத்திரியில் அவர் இதயம் ஓய்ந்துகொண்டிருந்தது. கால் வீங்கி, பேச மூச்சில்லாமல் கிடந்தார். பிலிப்பா உதட்டில் ஐஸ்கட்டி வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்தவர், "இரும்பா உருகுமே, அந்த எஃகு மார்க்கவசம் என்னாச்சு?" என்று கேட்டார்.

"அது வேணும்னே வச்சதுப்பா. வெறும் பேரு. அதையெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க."

அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்றார். விடியற்காலை மூன்று மணிக்குப் போய்விட்டார். நர்ஸ் அவர் கோட்டை மடித்துக் கொடுத்தபோது பையில் காந்தம் கனத்தது.

ட்ரெவினிடம் பெட்டி இருக்கட்டும், தகடு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். "தகடு நான் பண்ணித் தர்றேன், நிஜ எஃகு. உங்கப்பன் குறை சொல்ல முடியாதபடி" என்றார் ஸ்வோன்கோ. காரில் ஏறினதும் அவர் மூக்கைச் சிந்தினார். "போன வாரம்கூட ஃபோன்ல அந்தக் கவசத்தைப் பத்தித்தான் பேசினான், பைத்தியக்காரன்."

அப்பாவின் வீட்டில் ஜன்னல் விளிம்பெல்லாம் ஆலையின் சிவப்புத் தூசி. தேநீர் போடலாம் என்று பாலை எடுக்கப் போனவள், குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் ஒரு தாள் பாதி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கதவில் எப்போதும் அந்தக் காந்தத்தால் ஒட்டிவைத்திருந்த தாள். காந்தம் ஆஸ்பத்திரிக்குப் போனதும் கீழே விழுந்திருக்கிறது.

ஆலையில் எழுதுகிற மாதிரியே கோடு போட்டு, வரிசை எண், பொருள், பெயரில் உள்ளது, உருக்கினால் வருவது, பதில் என்று கட்டங்கள். நாற்பத்தொரு வரி. பதில் கட்டம் ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்திலேயே, 'வேண்டுமென்றே வைத்தது - பிப்'. நாற்பத்தொரு தடவை. அவள் சொன்ன பொய்யை அவர் ஒன்றுவிடாமல் ஒழுங்காகப் பதிந்து வைத்திருந்தார்.

நாற்பத்திரண்டாவது வரி கட்டத்துக்குள் அடங்கவில்லை. நாலு மாதத்துக்கு முந்தைய தேதி.

'கண்டுபிடித்துவிட்டேன். எலும்புக்கு அப்புறம் யாரோ ஒரு வரி சொருகியிருக்கிறார்கள். அதற்குக் கீழே எல்லாம் ஒரு படி நகர்ந்துவிட்டது. புதிதாக வந்த பிள்ளையாக இருக்கும். பயந்துபோய் மறைத்திருக்கும். திட்டவேண்டாம் என்று பிப்பிடம் சொல்லணும்.'

பதில் கட்டம் காலி.

பிலிப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெரிந்துகொண்டுதான் நேற்றுக் கேட்டாரா? கேட்டுவிட்டு அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாரே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல ஆறு வருஷமும், கடைசியில் அரை நாளும் இருந்தது. பால் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அன்று மத்தியானமே அப்பாவின் சாப்பாட்டு மேஜையில் கணினியைத் திறந்தாள். நூற்று நாற்பத்தாறு பொருள்கள். ஒவ்வொன்றாகத் திருத்த மறுநாள் சாயங்காலம் ஆயிற்று. கொல்லனின் சாபத்தை எடுத்தாள். ஆடுகிறவர்களுக்குப் போகிற மாற்றங்களின் குறிப்பில் எப்போதும் கம்பெனி பெயர்தான் இருக்கும். அவள் தன் முழுப் பெயரையும் போட்டு, 'மூலப்பொருள் பட்டியலில் ஆறு வருஷத்துக்கு முன்னால் தவறு செய்தது நான். மறைத்ததும் நான்' என்று எழுதி அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் முதலாளியின் பெயரோடு ஃபோன் அடித்தது. அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டாள். வேலை போனால் போகட்டும் என்று அந்த நேரத்தில் நிஜமாகவே தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை இடுகாட்டில் இருபது பேருக்கு மேல் இல்லை. பாதிப்பேர் ஆலைக்காரர்கள். ஸ்வோன்கோ செய்த தகடு அந்த அட்டைப்பலகைப் பெட்டிக்குக் கொஞ்சம் கனம்தான். எழுத்தெல்லாம் கையால் குத்தியது, ஒரு எழுத்து லேசாகச் சாய்ந்திருந்தது.

"கிழவனுக்குக் கை நடுங்கிடுச்சு" என்றார் அவர். "பாத்தா திருப்பி அனுப்பிடுவான்."

"அனுப்ப மாட்டாரு" என்றாள் பிலிப்பா.

பெட்டியை இறக்கக் கயிறு போடுவதற்கு முன்னால் அவள் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். ட்ரெவினிடம் பேனா கேட்டாள். பெட்டி மேலேயே தாளை வைத்து, கடைசிக் கட்டத்தில் 'நான்தான்பா' என்று எழுதினாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தாளைத் தகட்டின் மேல் பிடித்துக் காந்தத்தை வைத்தாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

பெட்டி இறங்க ஆரம்பித்தது. வளைகுடாப் பக்கமிருந்து காற்று அடித்து ஆட்களின் தொப்பியைப் பறித்தது. தாளின் நாலு முனையும் படபடவென்று அடித்துக்கொண்டன. காந்தம் விடவில்லை.