வெள்ளி பிடித்த கை

கிருஷ்ணப்பிரியாவின் ஆராய்ச்சியில் ஒரு சொட்டுத் திரவம்கூடக் கிடையாது. அதுதான் அதன் பெருமை. வெள்ளி நைட்ரேட்டையும் கருவேலம்பிசின் தூளையும் ஜாடியில் போட்டு, கூடவே கெட்டியான குண்டுகளையும் போட்டு மெஷினில் சுழற்ற வேண்டும். குண்டுகள் இடிக்கிற இடியில் வெள்ளி கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகிவிடும். கரைப்பானும் இல்லை, கழிவுநீரும் இல்லை. பூந்தமல்லி பக்கத்துக் கல்லூரியில் இதை அவள் விளக்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். ஜாடிதான் ஒத்துழைக்கவில்லை. எப்போது திறந்தாலும் உள்ளே சாம்பல் நிறத்தில் கட்டிதட்டிக் கிடக்கும்.

அவளுடைய நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாளும் அப்படித்தான். எரிச்சலோடு ஜாடியைச் சுரண்டியதில் கையுறை கிழிந்ததை அவள் கவனிக்கவில்லை. வியர்த்த விரல்களோடு வெயிலில் பஸ்ஸுக்கு நின்று பருத்திப்பட்டு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் விரல்கள் கறுத்துவிட்டன.

அம்மா கன்னியம்மாள் அலறினாள். "இன்னாடி இது? கரி கணக்கா கீது! நாளைக்கு மாப்ள ஊட்டுக்காரங்க பாத்தா இன்னா நெனப்பாங்க?"

"வெள்ளிம்மா. தோல்ல பட்டு வெயில் பட்டா இப்படிப் படிஞ்சிடும். தோல் உரிஞ்சாதான் போகும்."

"வெள்ளின்னா வெள்ளையாதான இருக்கணும்?"

"ரொம்பப் பொடிசானா கறுத்துடும்."

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. மெஷின் மாதக்கணக்கில் செய்ய மறுத்ததை அவள் தோல் ஒரே மத்தியானத்தில் செய்து முடித்திருந்தது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கன்னியம்மாள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. மருதாணி கோன் வாங்கி வந்து இரண்டு கையிலும் அப்பிவிட்டாள். காலையில் உள்ளங்கை சிவந்திருந்தது. விரல்கள் மட்டும் அட்டைக் கறுப்பு.

மாப்பிள்ளை ஸ்ரீராமின் அம்மா பத்மா, ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்தவள், தட்டு மாற்றியதும் அந்தக் கையைத்தான் பிடித்தாள்.

"அடேங்கப்பா! மருதாணி இப்படிக் கறுத்தா மருமக மாமியார் மேல உசுரையே வச்சிருப்பான்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க."

"இது மருதாணி இல்லைங்க அத்தை..."

"எங்க ஊட்ல எல்லாருக்கும் இப்டித்தான் புடிக்கும் சம்பந்தி," என்று கன்னியம்மாள் குறுக்கே விழுந்தாள். பத்மாவின் மகள் கார்த்திகா, ஏற்கெனவே கல்யாணமாகி மாமியார் வீட்டில் இருப்பவள், தன் வெளிர் மஞ்சள் உள்ளங்கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

சில நாளில் பத்மா போன் செய்தாள். "அதே கோன் வாங்கிக் கார்த்திகாவுக்கு வச்சோம்மா, பிடிக்கவே இல்ல. கல்யாணத்துக்கு நீயே அவளுக்கு வச்சுவிடு."

அந்தத் தூளைத் தெரிந்தே இன்னொருத்தி கையில் தடவ முடியாது. கிருஷ்ணப்பிரியா நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தாள்.

"அப்போ அது வெள்ளியா?" என்றாள் பத்மா மெதுவாக.

"ஆமா அத்தை."

"சுத்த வெள்ளியா?"

"சுத்தம்தான். ஆனா அந்த ரசாயனம் தோலைப் பொசுக்கி..."

போன் வைக்கப்பட்டுவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் குவார்ட்டர்ஸ் முழுக்கச் செய்தி: பத்மாவின் மருமகள் மருதாணியே வெள்ளியில்தான் வைத்துக்கொள்வாளாம்.

மறுநாள் கன்னியம்மாள் முகமெல்லாம் பூரிப்பாக வந்து நின்றாள். "உன் மாமியா பேசினாங்கடி. முகூர்த்தத்துக்குத் தங்கத்துல வைக்க முடியுமான்னு கேட்டாங்க."

"தங்கம் பட்டா ஊதாக் கறைம்மா," என்றாள் கிருஷ்ணப்பிரியா, சோர்ந்துபோய்.

கன்னியம்மாள் அவள் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "முகூர்த்தப் பொடவைக்கு எடுப்பாத்தான் இருக்கும்," என்றாள்.