பூமாரி கல்யாணப் பை

பயங்கரவாதத்தை ஒடுக்க ஏழு நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டதாக ரேடியோ சொன்னபோது, அதை அணைத்தவன் நான். எண்பத்தேழு நவம்பர். தேனி பஜாரில் மளிகைக் கடை வைத்திருப்பவனுக்குக் காட்மாண்டுவில் யார் கையெழுத்துப் போட்டால் என்ன? எனக்கு அவ்வளவுதான் புத்தி.

அடுத்த வருஷம் ஆடியில் மூன்று அதிகாரிகள் கடைக்குள் வந்தார்கள். ஒருவர் சென்னை, ஒருவர் டெல்லி. மூன்றாமவர் அந்த ஏழு நாடுகளில் ஒன்றான இலங்கையிலிருந்து வந்தவர். அவர்தான் ஒரு போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

கருகிப்போன மஞ்சள் பை. பாதி எரிந்தும் எழுத்து தெரிந்தது: 'பூமாரி – அய்யாத்துரை திருமணம், தேனி.'

பூமாரி என் மகள்.

"எங்கட நாட்டில பஸ்ஸில குண்டு வெடிச்ச இடத்தில கிடைச்சது, ஐயா. பதினொரு பேர் செத்துட்டினம். இது உங்கட வீட்டுப் பைதானே?" என்றார் இலங்கைக்காரர்.

"உள்ளே இருந்தது கிணறு வெட்டுற ஜெலட்டின் வெடிக்குச்சி" என்றார் சென்னைக்காரர்.

"கல்யாணத்துல அறுநூறு பை குடுத்தோம் சார். எது எங்கன போச்சுன்னு யாரு கண்டா?" என்றேன்.

அறுநூறு கொடுத்தது பொய்யில்லை. ஆனால் இந்த ஒரு பை எங்கே போனதென்று எனக்குத் தெரியும்.

மயிலாடும்பாறையில் எனக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. போன வருஷம் அங்கே கிணறு வெட்டியபோது பாறைக்கு வெடி வைத்தவன் தவசி. எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம்: தண்ணீர் கண்டதும் வேலை நின்றுவிடும், கிடா வெட்டுவோம், மிஞ்சிய ஜெலட்டின் குச்சிகள் வெடி வைத்தவனுக்கு. திருப்பிக் கொடுத்தால் கிணறு வற்றிவிடும் என்பார்கள். வெடிமருந்துக் கணக்கில் 'மீதம் இல்லை' என்று கிணற்றுக்காரன் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவான். நானும் போட்டேன். பதினாலு குச்சியையும் கல்யாணத்தில் மிஞ்சிய பையில் போட்டு, வெற்றிலை பாக்கும் வைத்து, என் கையாலேயே தவசியிடம் கொடுத்தேன்.

சொன்னால் நானும் உள்ளே, தவசியும் உள்ளே. சொல்லாவிட்டால் அறுநூறு வீட்டில் தேடிச் சலித்துப் போய்விடுவார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து பூமாரி காபி கொண்டுவந்தாள். ஆடிக்குப் பிறந்த வீடு வந்திருந்தாள். போட்டோவைக் குனிந்து பார்த்தாள்.

"எம் பேரு போட்டிருக்கேப்பா. ஏன் இப்பிடிக் கருகியிருக்கு?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். அதைத் தாங்க முடியவில்லை.

"நாந்தான் சார் குடுத்தேன். தவசிகிட்ட. பதினாலு குச்சி" என்று கத்திவிட்டேன்.

இலங்கைக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அங்க வெடிச்சது ஆறு. மிச்சம் எட்டும் எங்க, ஐயா?"

என்னையும் ஏற்றிக்கொண்டு ஜீப் மயிலாடும்பாறைக்குப் பறந்தது. தவசி வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சிரித்த முகத்தோடு எழுந்து வந்து கும்பிட்டான்.

"ஏலே தவசி, அந்தக் குச்சியெல்லாம் எங்கடா?"

"அதுவா மொதலாளி? தேவாரம் ஊருல கெணறு வெட்டுறோம்னு ரெண்டு பேரு வந்தாக. தங்கமான மனுசங்க. மொதல்ல ஆறு குச்சிய அந்தப் பையோட குடுத்தேன். மிச்சம் எட்டையும் நேத்துத்தான் வந்து வாங்கிட்டுப் போனாக. பாவம், இன்னும் தண்ணி காணலையாம்."