பொங்கல் பாட்டு வரும்வரை

தைப்பொங்கலன்று விடியற்காலையில் கொழும்பு வெள்ளவத்தையில் பொலிஸ் சுற்றிவளைப்பு நடந்தது. லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழ் இளைஞர்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சரோஜினிதேவியின் மகன் நிமலனும் போனான். பதினேழு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து தாயும் மகனும் வந்து லொட்ஜில் தங்கி ஒரு மாதம்தான்.

பகல் முழுக்கப் பொலிஸ் நிலைய வாசலில் நின்றவளை மாலையில்தான் அதிகாரி உள்ளே கூப்பிட்டார்.

"எதுக்கு கொழும்பு வந்தது?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"பாட வந்தனாங்கள், சேர். நானும் மகனும் பாடின பொங்கல் பாட்டு இண்டைக்கு டீவியில போகுது. போன கிழமை றெக்கோட் பண்ணினவை."

அதிகாரி சிரித்தார். மூலையிலிருந்த தொலைக்காட்சியைப் போடச் சொன்னார். "பாப்பம். பாட்டு வரல்ல எண்டா நீங்களும் இங்கதான்."

கோலம் வந்தது. நடனம் வந்தது. பிறகு யாரோ ஒருவரின் பேச்சு நீண்டுகொண்டே போனது. நேரமிருந்தால்தான் பாட்டைப் போடுவோம் என்று தயாரிப்பாளர் சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது. சுவரோரம் நிமலனோடு நிலத்தில் இருத்தப்பட்டிருந்த இளைஞர்கள் திரையைப் பார்க்கவில்லை. அதிகாரியின் முகத்தையே பார்த்தார்கள்.

ஒருவழியாக ஆர்மோனியம் கேட்டது. திரையில் அவள் மட்டும் பாடினாள்.

"மகன் எங்க?"

"இனித்தான் வருவான், சேர்."

நிமலனின் குரல் சேர்ந்தது. கமரா குத்துவிளக்கைக் காட்டியது. பொங்கல் பானையைக் காட்டியது. கடைசியாக அவன் முகம் வந்தது, பவுடர் பூசி, கண்களை மூடியபடி. அதிகாரி திரையையும் நிலத்திலிருந்த நிமலனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி. கூட்டிட்டுப் போங்க."

நிமலன் எழுந்தான். பக்கத்திலிருந்தவன் அவன் சட்டை நுனியைப் பிடித்துவிட்டு, உடனே கையை எடுத்துக்கொண்டான். அவர்களின் லொட்ஜில் மேல்மாடியில் இருப்பவன். படிக்கட்டில் கண்டிருக்கிறாள், கதைத்ததில்லை.

"சேர், இந்தத் தம்பியும் எங்கட ஆள்தான். மிருதங்கம் வாசிச்சவர்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. திரையில் மிருதங்கக்காரர் இருட்டில் இருந்தார். கைகள் மட்டும் தெரிந்தன.

"பேர் என்ன?"

அவளுக்குப் பேர் தெரியாது.

"யூட், சேர்," என்றான் நிமலன். "யூட் அண்ணா."

அதிகாரி யூட்டின் கைகளைப் பார்த்தார். யூட் விரல்களால் தொடையில் தாளம் போட்டான். பாட்டோடு கொஞ்சம் சேர்ந்தது, கொஞ்சம் சேரவில்லை. பாட்டு முடிந்து சவர்க்கார விளம்பரம் வந்தது.

"மூண்டு பேரும் போங்க."

வாசலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. "அம்மா, என்னையும் சொல்லுங்கோ அம்மா."

அவள் நிற்கவில்லை. வெளியே வீதிக்கு வந்ததும் யூட் அழத் தொடங்கினான். "அன்ரி, எனக்கு மிருதங்கம் தொடவே தெரியாது."

"தெரியும், தம்பி. கதைக்காமல் நட."

மறுநாள் காலை பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு அவள் தனியே பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். சுவரோரம் யாருமில்லை. இரவே கொண்டுபோய்விட்டதாக ஒரு கொன்ஸ்டபிள் சொன்னார். எங்கே என்று கேட்டதற்கு அவர் வாசலைக் கைகாட்டினார்.