குளியல் தொட்டியில் இருந்த விலாங்கு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு எங்கள் வீட்டில் ஏழு வகை மீன் சமைப்பார்கள். அதில் விலாங்கும் ஒன்று. அதை உயிரோடு வாங்கிவந்து, சமைக்கும்வரை குளியல் தொட்டியில் விட்டுவைப்பது அப்பாவின் வழக்கம். எனக்குப் பதின்மூன்று வயதில், குளிக்கப் போன இடத்தில் அதைப் பார்த்துவிட்டு வீடே அதிரும்படி கத்தினேன்.

"இந்தச் சனியனை எங்கயாவது கொண்டுபோய் விட்டுத் தொலைங்க!"

நான் சொன்னது அவ்வளவுதான். என் கத்தல் பொறுக்காமல் அப்பா அதை வாளியில் போட்டுக் கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிட்டு வந்தார். அந்த வருஷம் ஆறு வகையோடு சாப்பாடு முடிந்தது. விலாங்கு தப்பித்துவிட்டது, மாட்டிக்கொண்டது நான்தான்.

நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்தில் பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டால், பல் டாக்டர் மாதிரி காலேஜுக்கும் ஓர் ஆலோசகர் வைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு வாய்த்தவர் மிஸஸ் ஹாலோரன். முதல் நாளே அம்மாவிடம் கேட்டார்.

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் கெட்டிக்காரங்களா இருக்கற பிள்ளைங்க என்கிட்ட ஏகப்பட்டது இருக்கு. லிவியாகிட்ட மட்டும் இருக்கறது என்ன?"

அம்மா முழித்தாள். பேச்சை நிரப்புவதற்காகத் தொட்டிக் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். மிஸஸ் ஹாலோரன் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"பதிமூணு வயசுல ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கா!"

"நான் குளிக்கப் போனேன்," என்றேன்.

அது யார் காதிலும் விழவில்லை. அன்றிலிருந்து நான் விலாங்குப் பெண்.

முதல் கோடையில் மீன் காட்சியகத்தில் தொட்டி கழுவினேன். அடுத்த கோடையில் பணக்காரப் பிள்ளைகள் போகும் கடல் உயிரின முகாம் ஒன்று. அது முடிந்த பிறகுதான் மிஸஸ் ஹாலோரன் சாவகாசமாகச் சொன்னார்: பணம் கட்டினால் யாரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளும் முகாமைக் காலேஜ்காரர்கள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லையாம். ஆயிரம் பேரை வடிகட்டிப் பன்னிரண்டு பேரை எடுக்கும் இடம் வேண்டுமாம். மெயின் மாநிலக் கடற்கரையில் விலாங்கு ஆராய்ச்சி செய்யும் ஒரு நிலையம் அப்படிப்பட்டதாம்.

"அங்க சேர்ந்தா காலேஜ் நிச்சயமா கெடச்சிருமா?" என்று அம்மா கேட்டாள்.

"நிச்சயம்னு யாருமே சொல்ல முடியாது, டெனீஸ். ஆனா சேராத பிள்ளைங்களைப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கும்."

அந்தப் பயத்தை அம்மா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு எங்களோடு அதுவும் உட்கார்ந்தது. அந்தக் கோடைக்கு என் மாமா மகள் டோனி, கடற்கரை நடைபாதையில் ப்ரெட்ஸல் ரொட்டிக் கடையில் எனக்கும் சேர்த்து வேலை பேசி வைத்திருந்தாள். எனக்கு எது பிடிக்கும் என்று எனக்கே தெரியாது. ஆனால் அங்கே நின்று உப்பு தூவிக்கொண்டு அதைக் கண்டுபிடிக்கலாம் என்று ஓர் ஆசை இருந்தது. அதனால் அம்மாவிடம் பேரம் பேசினேன்.

"இதுதான் கடைசி. காலேஜ் கெடச்சதும் விலாங்கு இருக்கற திசைக்கே போக மாட்டேன். சத்தியம் பண்ணு."

"சத்தியமாடி கண்ணு. அப்புறம் உன் இஷ்டம்."

அந்தச் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மெயினுக்குப் போனேன். பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

காலையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கூண்டுகளைத் தூக்க வேண்டும். கூண்டின் வாய் புனல் மாதிரி இருக்கும். இரை வாசனைக்கு விலாங்கு தானாகவே உள்ளே போகும், வெளியே வர வழி தெரியாது. இதைப் பற்றி நான் உவமை எதுவும் சொல்லப் போவதில்லை. சொன்னால் மிஸஸ் ஹாலோரன் காலேஜ் விண்ணப்பக் கட்டுரையில் சேர்க்கச் சொல்வார். பிடித்ததை அளக்க வேண்டும், எடை போட வேண்டும். விலாங்கு கையில் நிற்காது என்பார்கள். என்னை அது விட்டதே இல்லை. அதன் வழவழப்பு தலைமுடிவரை ஏறிக்கொண்டது.

அறைத்தோழி மரிஸா டெக்ஸஸ்காரி. நான் விலாங்குப் பெண் என்றால் அவள் கடற்பாசிப் பெண். ஒரு நாள் அவளிடம் அழுதேன்.

"எனக்கு மட்டும் என்ன, பாசியைக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்தணும்னா ஆசை?" என்றாள். "பேசாம அளந்துட்டுப் போடி. நிலையத் தலைவரோட சிபாரிசுக் கடிதம் கைக்கு வர்றவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ."

என்னால் கடிக்க முடியவில்லை. கடைசி வாரம், படகுத்துறையில் ஒரு பெரிய விலாங்கு என் முழங்கைவரை சுற்றிக்கொண்டது. அதை உதறிவிட்டு, நிலையத் தலைவர் டாக்டர் டார்பாக்ஸைப் பார்த்துக் கத்தினேன்.

"எனக்கு இதுங்களைப் பிடிக்கவே பிடிக்காது டாக்டர்! எப்பவுமே பிடிச்சதில்ல! எல்லாம் பொய்!"

துறையில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். எனக்கு நெஞ்சுக்குள் அப்படி ஒரு நிம்மதி. அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கடிதம் கிடைக்காது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

டாக்டர் டார்பாக்ஸ் தொப்பியைக் கழற்றிச் சிரித்தார்.

"முப்பது வருஷமா இதைச் சொல்ல ஒரு பிள்ளை வராதான்னு காத்துக்கிட்டிருந்தேன். இங்க வர்றதுங்க எல்லாம் விலாங்குன்னா உயிருன்னு ஒப்பிக்குதுங்க. பிடிக்காமயே மூணு வருஷம் உழைச்சிருக்கியே, அதுதாம்மா விஞ்ஞானம்!"

அதை அப்படியே கடிதத்தில் எழுதினார். மிஸஸ் ஹாலோரன் அதைப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"தங்கம்! விலாங்கை வெறுக்கற விலாங்குப் பொண்ணு! இதைத்தான் நீ கட்டுரையா எழுதணும்."

"அது கட்டுரைக்காகச் சொன்னதில்ல மிஸஸ் ஹாலோரன். நெஜமாவே சொன்னேன்."

"அதனாலதான் நல்லாயிருக்கு!"

எழுதினேன். வேறென்ன செய்வது? என்னிடம் மிச்சமிருந்த ஒரே உண்மை அது, அதையும் பன்னிரண்டு தடவை திருத்தி எழுத வைத்தார். முன்கூட்டியே ஒரே ஒரு காலேஜுக்கு விண்ணப்பித்தோம். அப்படி விண்ணப்பித்தால், இடம் கிடைத்தபின் போயே ஆக வேண்டும்.

டிசம்பர் நடுவில் பதில் வந்தது. கிடைத்துவிட்டது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்காக எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதே கவரில் ஒரு பேராசிரியர் கைப்பட எழுதிய சீட்டும் இருந்தது. டார்பாக்ஸின் நண்பராம். என் கட்டுரையை அவருடைய ஆய்வகமே படித்து ரசித்ததாம். முதல் வாரத்திலிருந்தே எனக்கு அங்கே இடமாம், நாலு வருஷமும், கோடைக்கு மெயினாம். விலாங்கோடு நான் சமாதானம் ஆவதைப் பார்க்க ஆவலாக இருக்கிறாராம்.

"நீ சத்தியம் பண்ணியிருக்க," என்றேன் அம்மாவிடம்.

"இப்ப யாருடி உன்னைக் கட்டாயப்படுத்தறா? உன் இஷ்டம்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அவங்க உன்னை எடுத்ததே அதுக்குத்தானே, கண்ணு."



கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அப்பா மீன் சந்தைக்குப் போய்விட்டு வந்தார். என் பொருட்டு இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் விலாங்கு சமைப்பதில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரு துண்டாவது பொரித்துத் தின்ன வேண்டும் போல வெறியாக இருந்தது. குளியலறைக்குள் போனேன். தொட்டியில் ஒன்று கிடந்தது.

"அப்பா, இதைச் சமைக்கப் போறீங்களா?"

"சேச்சே, உனக்காகத்தான் வாங்கினேன்," என்றார். அவர் முகமெல்லாம் பூரிப்பு. "அன்னிக்கு மாதிரியே ஆத்துல விடலாம். எல்லாரும் வர்றாங்க."

எல்லாரும் வந்தார்கள். மாமா, அத்தை, டோனி என்று கோட்டை மாட்டிக்கொண்டு ஆற்றங்கரைக் குளிரில் நின்றார்கள். அம்மா போனைத் தூக்கிப் பிடித்தாள். நான் வாளியைச் சரித்தேன். விலாங்கு ஒரே சொடுக்கில் தண்ணீருக்குள் போய்விட்டது. எல்லாரும் கை தட்டினார்கள்.

"ஐயோ, முகம் சரியா விழல," என்றாள் அம்மா. "இன்னொரு தடவை விடு லிவ்."

"அது போயிடுச்சும்மா."

"பரவால்ல. வாளியைப் பிடிச்சுக்கிட்டு நில்லு. கொஞ்சம் சிரி."

காலி வாளியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றேன்.